தலைவர் உங்கள் வீட்டில் யாராக இருப்பார்?

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கக் கூடாது. இருந்தாலும் அவர்களை ஆராய்ச்சிக்குள் விடக் கூடாது. இந்த ஞானம் எனக்கு முனைவர் பட்டத்தோடு சேர்ந்து கிடைத்தது. பட்டத்தைவிட இதற்குத்தான் செலவு அதிகம்.

வாக்காளர்கள் அரசியல் தலைவர்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது என் தலைப்பு. "கணக்கெடுப்பு வேண்டாம், மனசுக்குள்ள இருக்குறதைத் தோண்டு" என்றார் கைடு. அதற்குக் குழு உரையாடல் என்று ஒரு முறை உண்டு. எட்டுப் பேரை வட்டமாக உட்காரவைத்து, பேசவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். களியக்காவிளையில் நான் கூட்டிய முதல் குழு, "நல்ல தலைவருதான்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டது. (நான் வாங்கி வைத்திருந்த ஏத்தங்காய் சிப்ஸ் மட்டும் ஆழமாக ஆராயப்பட்டிருந்தது.)

பயந்துபோய் இரணியலில் இருந்த அக்காவைப் பிடித்தேன். அத்தானுக்கு கல்ஃபில் வேலை. வீட்டில் அக்காவும் அவள் மாமியாரும்தான். அக்கா பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆறு பேரைக் கூட்டி வந்தாள். ஆள் குறைந்ததால் அவளையும் மாமியாரையும் உட்காரவைத்தேன். இதைச் செய்யவே கூடாது என்று பாடப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

நேரடியாகக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று கைடு ஒரு சுற்றுவழிக் கேள்வி சொல்லித் தந்திருந்தார். ஒரு தலைவரின் படத்தைக் காட்டிக் கேட்டேன்: "இவரு உங்க வீட்டு ஆளா இருந்தா, யாரா இருப்பாரு?"

"எனக்க கொழுந்தன்" என்றாள் ஒருத்தி. "பந்தியில மொத ஆளா இருப்பான். வேலைன்னு வந்தா ஆளக் காணாது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பூரித்துப்போனேன். முறை வேலை செய்கிறது!

"எங்க வீட்டுல உள்ளவியதான்" என்றாள் அக்கா, அத்தானைச் சொல்லி.

சிரிப்பு கூடியது. பேட்டி எடுப்பவர் வியப்பு, இரக்கம் எதையும் முகத்தில் காட்டக் கூடாது என்பது எங்களுக்குத் தந்த பயிற்சி. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அதைக் கொஞ்சம் விளக்க முடியுமா?" (கூடப் பிறந்தவளிடம்!)

"பொண்ணு கேக்க வந்தப்போ கையெடுத்துக் கும்பிட்டாவ. அத செய்வேன், இத செய்வேன்னாவ. காரியம் முடிஞ்ச பொறவு ஆளு இல்ல. எப்பவாது வருவாவ, மிட்டாய் குடுப்பாவ, போட்டோ எடுப்பாவ, போவாவ."

சிரிப்பு நின்றது. மாமியார் தரையைப் பார்த்தார்.

"இதனால் நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?" என்றேன். என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

"ஒரு வருசமா போனும் இல்ல. அங்க வேற குடும்பம் ஆயாச்சு. இந்த மாமிக்கும் தெரியும்." என்றாள் அக்கா.

"ஏட்டி, ஊரக் கூட்டி வச்சா இதச் சொல்லுக?" என்று மாமியார் எழுந்தார். பெண்கள் அவசரமாகச் செருப்பைத் தேடினார்கள். நான் அப்போதும், "வேறு எதையாவது சேர்க்க விரும்புகிறீர்களா?" என்று கேட்டுத்தான் முடித்தேன். என் தாளில் கடைசிக் கேள்வி அதுதான்.

அன்று சாயங்காலமே அக்கா ஒரு பையோடு நாகர்கோவிலுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போகவில்லை. அப்பா ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. "கட்சிக்காரனப் பத்திக் கேக்கப் போனவா குடும்பத்தக் கலைச்சிட்டு வந்திருக்கா" என்று அம்மா அழுதாள். கைடு மட்டும் உரையாடலைப் படித்துவிட்டு, "அற்புதமான தரவு! இந்தப் பொண்ணு மாதிரி இன்னும் நாலு பேரைப் பிடி" என்றார். அது யார் என்று நான் சொல்லவில்லை. அக்காவிடம் அனுமதி கேட்டேன். "போடு, ஒனக்காவது உதவட்டும்" என்றாள். ஆய்வேட்டில் பெயரில்லாமல் ஒரு முழுப்பக்கம் அவள்தான்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "இவளக் கூப்புடு, ஒரு தலைவரு படத்த எடுத்துட்டு வரச் சொல்லு" என்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். அப்படிச் சிரித்த ஒரு நாள், அடுக்களையில் அவள் தனியாக இருந்தபோது கேட்டேன்.

"எங்கிட்ட ஏன்க்கா மொதல்லயே சொல்லல்ல?"

"நீ கேட்டியா மக்கா?" என்றாள்.