சன்னமாகக் கேட்ட மோதிரம்

அன்புள்ள மகளுக்கு,

உன்னைப் பெற்ற அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். ரோஜாச் செடிகள் நலமாக இல்லை, காரணம் கீழே வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். உன் மாமனாரும் இருக்கட்டும்.

ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு ஃபோனில் உன் குரல் வரவரச் சன்னமாகிக்கொண்டே போகிறது. உன் மாமனாரை மட்டும் "அப்பா, சாப்பிட வாங்க" என்று கணீரென்று கூப்பிடுகிறாயாம், மாப்பிள்ளையே சொன்னார். எனக்குக் கோபமே இல்லை. ஒரு வேளை சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் நீ வந்திருந்தபோது நம் தோட்டத்தில் களை பிடுங்கித் தொலைத்த மோதிரத்தைத் தேட உன் அம்மா எனக்குத் தெரியாமல் அவரை வரச்சொல்லிவிட்டாள். வந்தார், பூமிக்குள் இருக்கிற உலோகத்தைக் கண்டுபிடிக்கும் டிடெக்டரோடு. காதில் ஹெட்போனை மாட்டி நாலு தடவை வீசினார். "சன்னமா கேக்குது, ஒரு சாண் ஆழம்" என்றார். தோண்டினால் சரியாக ஒரு சாணில் ஆணி! உன் அம்மா கை தட்டினாள். நான் தாலி கட்டியபோதுகூட அவள் கை தட்டியதில்லை. முப்பது வருஷம் பட்டறையில் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போச்சு என்று சொன்னவன் நான், ஒரு ஆணிக்கு இந்த மரியாதையா என்று வயிறு எரிந்து, "என் பொண்ணு மோதிரம், நான்தான் எடுப்பேன்" என்று ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டேன். "சத்தம் பெருசா இருந்தா மேலேயே இருக்கும், குறைஞ்சா ஆழம், அவ்வளவுதான் சம்பந்தி" என்றார். ரோஜாப் பாத்தியில் கேட்டது பார், கொசு தூரத்தில் பாடுகிற மாதிரி. ஆழமோ ஆழம் என்று முழங்கால் வரை தோண்டினேன், பிறகு இடுப்பு வரை. உன் அம்மா மேலே நின்று, "உள்ளேயே இருந்துடுங்க, மண்ணைத் தள்ளிடறேன்" என்றாள்.

அவர் மெதுவாக ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு, நான் வெளியே வாரிப்போட்ட மண்குவியல்மேல் டிடெக்டரைக் காட்டினார். அது போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. முதல் வெட்டிலேயே மோதிரம் வெளியே வந்துவிட்டிருக்கிறது, ஒரு விரற்கடை ஆழம்தான்!

சும்மா போயிருந்தால் மன்னித்திருப்பேன். "எடுத்தது சம்பந்திதான், நான் மண்ணைத் தட்டினேன்" என்று உன் அம்மாவிடம் சொன்னார். நல்லவர் வேறு, எப்படித் தாங்குவது? போகிறபோது என் காதை டாக்டரிடம் காட்டச் சொன்னாராம். யார் காதை?

மோதிரம் அவர் கையோடு வந்திருக்கும். இனிமேல் அவரை மாமா என்றே கூப்பிடு. உன் விரலிலிருந்து மோதிரமும் மனசிலிருந்து நானும் கழலாமல் இருக்க ஆசீர்வதிக்கும்,
உன் (ஒரே) அப்பா.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் உன் அம்மா என்னை டாக்டரிடம் இழுத்துப் போய்விட்டாள். டாக்டர் என் காதிலிருந்து தோண்டி எடுத்த அழுக்கைப் பட்டாணி என்று சொன்னால் பட்டாணிக்குக் கோபம் வரும். இரண்டு காதிலும் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் உன் ஃபோன். "அப்பா" என்றாய், ஃபோனைக் கீழே போட்டுவிட்டேன். இத்தனை நாளும் இப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாயா? மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. அவரையும் அப்பா என்றே கூப்பிடு. கூப்பிடும்போது மட்டும் கொஞ்சம் சன்னமாக.