டீக்கடையில் எனக்கு நானே கொடுத்த நற்சான்றிதழ்

ஊரில் நாலு பேர் நம்மைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த நாலு பேரில் ஒருவராக நாமே போய் உட்காரக் கூடாது. முப்பத்திரண்டு வயதுவரை எனக்கு இது தெரியவில்லை.

எங்கள் நாஞ்சில் நாட்டில் ஜாதகம் பொருந்தினால் மட்டும் போதாது. பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் ஊருக்கு வந்து, டீக்கடையில் விசாரிப்பார்கள். அந்த விசாரணையிலேயே எனக்கு ஆறு வரன்கள் தட்டிப்போயிருந்தன. (கடைக்காரருக்கு என்மேல் என்ன கடுப்போ!) ஏழாவதாக வந்த குழித்துறைப் பெண்ணின் போட்டோவைப் பார்த்த நிமிஷமே மனசு போய்விட்டது. பேங்கில் லீவு போட்டுவிட்டு, சுசீந்திரம் டீக்கடையில் நானே காவல் இருந்தேன்.

நாலாம் நாள் குடையோடு ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இஞ்ச செல்வமணின்னு பேங்குல வேலை பாக்க பையன் உண்டும்லா? ஆளு கொள்ளாமா, நல்லவந்தானா?"

"செல்வமணியா? தங்கம்லா! குடி கெடையாது, சீட்டு கெடையாது. லீவுன்னா வயல்ல எறங்கி வேலை பாப்பான்." (நான் கடைசியாக வயலில் இறங்கியது, ஒன்பதாம் வகுப்பில், கிரிக்கெட் பந்து பொறுக்க.)

"ஒரு கொறை கூடவா இல்ல?"

நூற்றுக்கு நூறு போட்டால் நம்பமாட்டாரே. ஒரு மார்க் குறைக்கலாம் என்று நினைத்தேன். என்னிடமிருந்து குறைக்க மனசு வரவில்லை.

"அவனுக்க அம்மைக்கு நாக்கு கொஞ்சம் நீளம். மத்தபடி ஒண்ணுமில்ல."

அவர் தலையாட்டிவிட்டு எனக்கும் ஒரு ரசவடை சொன்னார்.

அடுத்த ஞாயிறு குழித்துறையில் பெண் பார்த்தல். பட்டுச்சேலையில் அம்மா, பக்கத்தில் நான். பலகாரத் தட்டோடு உள்ளேயிருந்து வந்தார் குடைக்காரர். பெண்ணின் தாய்மாமாவாம். நான் அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மாப்பிளைக்க போட்டோ வீட்டுல நேரத்தே பாத்தாச்சு. கடையில ஆளக் கண்டதும் மனசிலாச்சு. எம்புட்டுதாம் சொல்லுவாருன்னு கேட்டுட்டிருந்தேன்" என்று சிரித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அம்மைக்கு நாக்கு நீளம்னு சொன்னதுதாம் கொஞ்சம்..."

பெற்றவளைக் காட்டிக்கொடுத்துப் பெண் தேடியிருக்கிறேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இந்த வரனும் போச்சு, இனி வீட்டில் சோறும் கிடையாது என்று நினைத்தேன்.

அம்மா நிதானமாக ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

"அவன் சொன்னதுல அது ஒண்ணுதாம் சத்தியம். பாக்கி பூரா கள்ளம். எங்க வயலு எந்தப் பக்கம் கெடக்குன்னு அவனக் கேளுங்க, பாப்போம்."

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் பெண் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. இவரை எப்படிப் பிடித்தது என்று யாராவது கேட்டால், என் மனைவி இன்றைக்கும் ஒரே பதில்தான் சொல்கிறாள்.

"நான் மாமியாரப் பாத்து சம்மதிச்சதாக்கும். இவரு கூட வந்தவரு."