அனற்றுக்கு ஒரு நற்சான்று

வெள்ளிக்கிழமைக்குள் மேலாளரின் பரிந்துரை போய்ச் சேராவிட்டால் றொட்னியின் விண்ணப்பம் செல்லாது. ஸ்கொட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிதித்துறை முதுகலை. அதை முடித்ததும் லண்டனில் ஒரு ஹெட்ஜ் ஃபண்டில் சேர்ந்து, பெரும் பணக்காரர்களின் பணத்தைத் துணிந்து முதலீடு செய்து பெருக்க வேண்டும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே ஒரு லீசிங் கம்பனியில் முச்சக்கர வண்டிக் கடன்களைப் பார்த்துக்கொண்டே அவன் வளர்த்துவந்த ஆசை அது.

ஆனால் போகப் போகிறேன் என்று சொன்னால் வரவிருக்கும் பதவி உயர்வு போய்விடும். அங்கேயும் இடம் கிடைக்காவிட்டால்? யோசித்தபடியே மேலாளர் வில்பிரட்டின் அறைக்குள் நுழைந்தான்.

"சேர், எனக்கு ஒரு நற்சான்று வேணும்."

"எதுக்கு?"

"கல்யாணத்துக்கு." அது எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

வில்பிரட் கதிரையை விட்டு எழுந்தேவிட்டார். "யாருடா பொண்ணு?"

"அனற், சேர். ஸ்கொட்லாந்துல ஒரு யுனிவர்சிட்டியில வேல." விண்ணப்பங்களைக் கவனிக்கும் அதிகாரியின் பெயர் அது. "அவங்களுக்கே நேரா ஈமெயில் அனுப்பணுமாம். நான் எழுதித் தர்றேன், நீங்க அனுப்பினா போதும்."

"ஒன்னப் பத்தி நீயே எழுதுறதா? கல்யாண விசயம் தம்பி. நானே எழுதுறேன்."

பகல் சாப்பாட்டுக்கு முன்பே எழுதி அனுப்பிவிட்டு, றொட்னியைக் கூப்பிட்டுச் சொல்லிக் காட்டினார்.

"குடி இல்ல, சூது இல்ல. அடுத்தவங்க காச ஒருநாளும் ஆபத்துல போடமாட்டான். அம்மா கையால சாப்பிடாம தூங்கமாட்டான். எப்புடி?"

றொட்னி அவசரமாகக் குறுக்கிட்டான். "கணக்குல கெட்டிக்காரன், துணிஞ்சு முடிவெடுப்பான்னு ஒரு வரி சேர்க்க முடியுமா சேர்?"

"பொண்ணுக்கு அது எதுக்கு?"

"பொண்ணோட அப்பா ஹெட்ஜ் ஃபண்ட் நடத்துறாரு. அந்த மாதிரி ஆளுங்களுக்கு அதுதான் புடிக்கும்."

வில்பிரட்டின் முகம் மாறியது. "அவ்வளவு காசுக்காரங்களா? அப்ப, பையன் சொத்துக்கு ஆசப்பட்டு வர்றான்னுல்ல நெனப்பாங்க? நீ போ. நான் சரிபண்ணுறேன்."

சரிபண்ணினார். இரண்டாவது மின்னஞ்சலின் பிரதி றொட்னிக்கும் வந்தது. 'இந்தப் பையனுக்கு ஹெட்ஜ் ஃபண்டில் துளியும் ஆசை இல்லை என்பதற்கு நான் உத்தரவாதம். அவன் விரும்புவது அனற்றை மட்டுமே.'

பதறிப்போன றொட்னி அன்றே அனற்றுக்கு எழுதினான். எங்கள் மேலாளருக்குச் சற்று மனக்குழப்பம், அவர் எழுதிய எதையும் நம்ப வேண்டாம் என்று.

மறுநாள் பதில் வந்தது. அப்படியானால் நம்பத்தக்க பரிந்துரை எதுவும் கிடைக்கவில்லை; ஆகவே விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது. கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது. தனக்கு ஏற்கெனவே திருமணமாகிவிட்டது என்று அனற் பணிவோடு தெரிவித்திருந்தாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கேக். வில்பிரட் கண்டி டவுனுக்குப் போய்த் தானே வாங்கி வந்திருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று றொட்னி வாயைத் திறந்தான். வில்பிரட் அதில் ஒரு துண்டு கேக்கை ஊட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று றொட்னி மனதைத் தேற்றிக்கொண்டு மென்றான்.

ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் றேணுகா பக்கத்தில் வந்து நின்றாள்.

"சேருக்கு ஒங்க மேல என்னா பாசம், றொட்னி! கம்பனி செலவுல ஃபினான்ஸ் மாஸ்டர்ஸ் படிக்க சிங்கப்பூருக்கு ஒரு ஆள அனுப்புறாங்க, அதுக்கு ஒங்க பேரத்தான் போட்டு வச்சிருந்தாரு. கல்யாணம்னு தெரிஞ்சதும், புதுசா கட்டப்போறவங்களப் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லி வேற ஆளப் போட்டுட்டாரு."