கொசுவுக்கு ஒரு குறிப்பாணை

ஆவடிப் பக்கத்துக் கொசு ஆராய்ச்சி நிலையத்தில், உயிரியல் தரவுகளைக் கணினியில் அலசும் பயிற்சி குத்துவிளக்கேற்றி இனிதே தொடங்கப்பட்டது. கணினி பிறகு வந்தது. மென்பொருள் அதற்கும் பிறகு வந்தது. சொல்லிக்கொடுக்க வேண்டியவர் வரவே இல்லை.

பயிற்சிக்கு வந்த தாட்சாயிணி யூடியூபைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். பயிற்சிச் சான்றிதழில் இயக்குநர் ஹேமநாதன் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு முனைவர் பட்டத்துக்கு இடம். ஊர் ஊராகப் புகையடித்த பிறகு கொசு குறைந்ததா என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பட்டனைத் தட்டினாள். திரையில் வரைபடக் கோடு ஜம்மென்று மேலே ஏறியது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் ஏறியது.

"ஏன் ஏறுகிறது?"

"நெமிலிச்சேரில கொசு ரொம்ப ஜாஸ்தி சார். அந்த ஒரு புள்ளிதான் கோட்டைத் தூக்குது."

"மற்ற ஊர்க் கொசுக்கள் கட்டுப்பாட்டோடு நடக்கையில் இவை மட்டும் சராசரியை மீறலாமா? விளக்கம் கேட்டாயா?"

"யாரை சார்?"

"கொசுக்களைத்தான்!"

சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. சான்றிதழ் ஞாபகம் வந்தது, இருமி வைத்தாள்.

குறிப்பாணை தயாரானது: 'சராசரியிலிருந்து விலகிய தங்கள் நடத்தைக்கு எழுத்துப்பூர்வமான விளக்கம் அளிக்கத் தவறினால், தாங்கள் தரவிலிருந்து நீக்கப்படுவீர்கள்.' அலுவலக உதவியாளர் அப்பாவு அதை எடுத்துக்கொண்டு நெமிலிச்சேரிக்குப் போனார். சொறிந்துகொண்டே திரும்பினார்.

"வாங்கிகினு கையெழுத்துப் போட ஆளில்ல சார். கொசு புடிக்கிற பக்கெட்டு மேலயே ஒட்டிட்டு வந்துட்டேன்."

"பதில்?"

அப்பாவு சட்டைக் கையைச் சுருட்டினார். "கை பூரா பதிலு கீது சார். முதுவுலயும் கீது, காட்டவா?"

"எழுத்துப்பூர்வமாக இல்லை. ஏற்க இயலாது. நீக்கிவிடு அம்மா."

"சார், அதை எடுத்தா ஆராய்ச்சியே பொய்யாயிடும்..."

"பேனாவைத் திறக்கட்டுமா, மூடட்டுமா?"

தாட்சாயிணி நீக்கினாள். கோடு வழுக்குமரத்தில் பிடியை விட்டவன் மாதிரி சரசரவென்று இறங்கியது.

பாராட்டு விழா ஏற்பாடானது. திரையில் கோட்டைக் காட்டியதும் அரங்கம் அதிர்ந்தது. உள்ளங்கையில் தட்டினார்கள், கழுத்தில் தட்டினார்கள், பக்கத்து நாற்காலிக்காரர் முதுகிலும் உரிமையோடு தட்டினார்கள். ஓயவே இல்லை. ஹேமநாதன் கூப்பிய கையை இறக்கவும் இல்லை.

சான்றிதழை அக்குளில் இடுக்கிக்கொண்டு தாட்சாயிணியும் ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளங்கையில் கொசு, அவள் ரத்தத்தோடு நசுங்கிக் கிடந்தது.

இயக்குநர் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பார்த்தாயா அம்மா? நீ போட்ட கோடு சொன்னபடியே குறைந்துகொண்டு வருகிறது!"