மேரி பாத்துக்கும்

கரண்டு இல்லாம நான் இருந்துடுவேன். காசு இல்லாம இருந்துதான் பழக்கம். வாய மூடிக்கினு இருக்கத்தான் என்னால முடியாது. அந்த வாயால கட்டிக்கப்போற பொண்ணு கைய வுட்டுப் போக இருந்துச்சு.

அப்ப முத்தியால்பேட்டைக்கு வடக்கால ஒரு தென்னந்தோப்புல கீத்துக் கொட்டா போட்டுக்கினு இருந்தேன். மில்லுல எனக்கு தெனம் வேல கெடயாது. எவனாச்சும் வரலன்னா கூப்புடுவாங்க. (எல்லாரும் ஒழுங்கா வந்து தொலைவானுங்க.) பிள்ளைச்சாவடி கரையில வல இழுக்கப் போனா ஒரு கை மீன் குடுப்பாங்க. அடுப்புக்கு தோப்புல விழற மட்ட. தோப்புக்காரரு வாடக கேக்கல, தேங்கா திருடு போகாம பாத்துக்கன்னாரு. பாத்துக்கினேன். நான் எடுத்தத தவிர ஒரு காய் போகல.

கரண்டுக் கம்பி தெருமுன வரைக்கும் வரும். என் கொட்டாவ பாத்துட்டு அங்கயே நின்னுடும். அதனால பொழுது சாஞ்சா தட்டத் தூக்கிக்கினு தெருமுன லைட்டுக் கம்பத்தாண்ட போய் குந்திக்குவேன். சாப்புடறது, கிழிஞ்ச சட்டய தைக்கிறது, செரைச்சிக்கிறது எல்லாம் அங்கதான். தண்ணிக்கு தெருக்கொழா.

லைட்டும் கொழாயும் மேரியோடது. மேரின்னா எங்க ஊருல முனிசிபாலிட்டி. பிரெஞ்சுக்காரன் கப்பலேறிட்டான், வார்த்தய மறந்து வுட்டுட்டுப் போயிட்டான். கடற்கரையில பெரிய கட்டடம். பொறந்தா, செத்தா, கட்டிக்கினா அங்கதான் எழுதணும். புதுச்சேரியில கைக்கொழந்தைக்கும் இது தெரியும். விழுப்புரத்துக்கு அந்தாண்ட இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? அத யோசிக்கிற அளவுக்கு எனக்கு படிப்பு பத்தல. நாலாவதோட நின்னவன்.

விழுப்புரத்துக்கு அந்தாண்டதான் எங்க மாமா இருந்தாரு, அம்மாகூடப் பொறந்தவரு. அவரு பொண்ணு கனகா எனக்குத்தான்னு சின்ன வயசுலயே பேச்சு. நடுவுல பண்ருட்டியிலேர்ந்து ஒரு மாப்ள வந்து சேந்தான். வூட்டுல கரண்டு, ரேடியோ. மாமா மனசு ரேடியோ பக்கம் சாஞ்சிடுச்சு. கனகா சோறு திங்காம அடம் புடிச்சதால, "சரி, அவன் பொழைக்கிற அழக பாத்துட்டு வந்து முடிவு சொல்றேன்"னு கெளம்பிட்டாரு. சந்தைக்கு வர்ற ஆளுகிட்ட கனகா எனக்கு சொல்லி அனுப்புச்சு: "எங்கப்பா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாத. பேசுன, நான் பண்ருட்டிதான்."

ஞாயித்துக்கெழம காலையில மாமா வந்தாரு. கையில ஒரு பை. மேல வெத்தல பாக்கு, அடியில புது வேட்டி ஓரம் தெரிஞ்சுது. புடிச்சிருந்தா குடுத்துட்டுப் போறதுக்குன்னு புரிஞ்சுது. பைய ஓரமா வச்சிட்டு, குனிஞ்சி கொட்டாவ சுத்திப் பாத்தாரு. பாக்கறதுக்கு ரொம்ப நேரம் ஆகல.

"கரண்டு இல்லியா மாப்ள?"

"இல்ல மாமா."

(இங்க நிறுத்தியிருக்கணும். "இல்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு சும்மா இருந்தா என் வாய்க்கு உப்புசமாயிடும்.)

"அதனால இன்னா மாமா, வெளிச்சத்துக்கு மேரி இருக்குது."

"யாரு?"

"மேரி. பொழுது சாஞ்சா தட்டோட அங்க போயிடுவேன். தூக்கம் வர்ற வரைக்கும் அங்கதான் குந்தியிருப்பேன்."

வெத்தலயில சுண்ணாம்பு தடவிக்கினு இருந்த மாமா வெரல் நின்னுச்சு. சுண்ணாம்பு காஞ்சிப் போச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்.

"தண்ணிக்கு?"

"அதுவும் மேரிதான். காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி குடுக்கும்."

"காசு வாங்குமா?"

"என்கிட்டயா? ஒரு பைசா வாங்காது."

எங்க பக்கம் பொம்பளைங்களயும் "அது"ன்னுதான் சொல்லுவோம். கனகா சொல்லுச்சு, அம்மா வந்துச்சு. ஆடு மாடு, கட்டடத்துக்கும் அதே "அது"தான். இந்த எழவெடுத்த "அது" என் கழுத்துல கத்தி வச்சிக்கினு இருக்குது, நான் சிரிச்சிக்கினு இருக்கேன்.

"எத்தினி நாளா தம்பி இது?"

மாப்ளயிலேர்ந்து தம்பிக்கு எறங்கிட்டாரு. அப்பவாவது ஒறச்சிருக்கணும். கொட்டாவ பாத்துத்தான் மூஞ்சி சுண்டுதுன்னு நெனச்சி, மேரிய இன்னும் தூக்கி வச்சிப் பேசுனேன்.

"பொறந்ததுலேர்ந்து மாமா. ஊரே மேரிய நம்பித்தான் இருக்குது. சாதி மதம் பாக்காது. யாரு வந்தாலும் இல்லன்னு சொல்லாது."

"யாரு வந்தாலுமா?"

"யாரு வந்தாலும்."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"கனகாவும் மேரிகிட்டயே வந்துக்கட்டும். பொம்பளைங்களுக்கு தனி வரிச. என்ன வுட அதுக்கு சீக்கிரம் கெடைக்கும்."

மாமா எழுந்துட்டாரு. துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. ஓரமா வச்ச பைய எடுத்து கக்கத்துல இடுக்கிக்கினாரு. பை திரும்பிப் போனா கனகா பண்ருட்டிக்குப் போவும்.

"அந்த மேரிய நான் பாக்கணும்"னாரு.

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம. மூடியிருக்கும் மாமா."

"நான் தொறக்க வைக்கிறேன். நட."

கடற்கரை வரைக்கும் நடந்தோம். அவரு முன்னால, நான் பின்னால. கொஞ்ச தூரம் போய், திரும்பாமலே கேட்டாரு.

"அதுக்கு ஆளு யாரு?"

"முன்ன வெள்ளக்காரன் வச்சிருந்தான் மாமா. அவன் கப்பலேறுனதும் நம்மாளுங்க எடுத்துக்கினாங்க."

இன்னும் கொஞ்ச தூரம். அவரு கழுத்து நரம்பு பொடச்சிக்கினு தெரிஞ்சுது.

"பாக்க எப்பிடி இருக்கும்?"

"வயசாயிடுச்சு. ஆனா வெள்ளையடிச்சி வச்சிருப்பாங்க. தூரத்துலேர்ந்து பாத்தா புதுசாட்டம் இருக்கும்."

"கொழந்தைங்க?"

"ஊருல பொறக்கற அத்தினி கொழந்தயும் மேரி கணக்குதான். நானே அதுலதான் இருக்கேன்."

நடுத்தெருவுல நின்னுட்டாரு. சைக்கிள்காரன் ஒருத்தன் மணியடிச்சி ஒதுங்கிப் போனான். "டேய்"னாரு, அவ்ளோதான். தம்பியும் போச்சு. அதுக்கப்புறம் நான்கூட பேசல. ஏதோ தப்பு நடந்துக்கினு இருக்குதுன்னு தெரியுது, எங்கன்னுதான் தெரியல.

கடற்கரைக்கு வந்தோம். கட்டடத்துக்கு முன்னால நின்னேன். கதவு பூட்டியிருந்துச்சு.

"எங்கடா மேரி?"

"இதான் மாமா."

"உள்ள இருக்குதா?"

"இதேதான். இந்தக் கட்டடந்தான். முனிசிபாலிட்டி. நீங்க யாருன்னு நெனச்சீங்க?"

கேட்டு முடிக்கறதுக்குள்ள எனக்கே வெளங்கிடுச்சு. சாதி மதம் பாக்காது, வெள்ளக்காரன் வச்சிருந்தான், வெள்ளையடிச்சி வச்சிருப்பாங்க. ஒண்ணொண்ணா திரும்பி வந்து என் மூஞ்சியில அறைஞ்சுது. சிரிப்பு முட்டுச்சு. சிரிச்சிருந்தா எதுத்தாப்புல கடல்தான், தூக்கிப் போட்டிருப்பாரு.

மாமா சிரிக்கல. கடற்கரைச் செவுத்து மேல குந்திட்டாரு. கட்டடத்த பாத்தாரு, என்ன பாத்தாரு. இன்னொண்ணு அவருக்கு அப்பத்தான் வெளங்குது போல.

"அப்ப ஒனக்குன்னு ஒண்ணுமே கெடயாதாடா? மேரின்னு ஒருத்தி இருந்திருந்தா, அவகிட்டயாவது ஒரு வூடு வாசல் இருந்திருக்கும்."

கனகா சொல்லி அனுப்புனது ஞாபகம் வந்துச்சு.

"கரண்டு?"

"இல்ல மாமா."

"தண்ணி?"

"தெருக்கொழா."

"தெனம் வேல உண்டா?"

"இல்ல."

"எம் பொண்ண பட்டினி போடுவியா?"

"மாட்டேன்."

அடுத்து நாக்கு நுனியில ஒண்ணு நின்னுச்சு. (மேரி இருக்குது மாமா.) பல்லக் கடிச்சி முழுங்குனேன். என் வாழ்க்கையில அவ்ளோ பெரிய வேல அதுக்கு முன்னயும் செஞ்சதில்ல, அப்புறமும் செய்யல.

மாமா கடலப் பாத்துக்கினே சொன்னாரு.

"எங்க வூட்டுலயும்தான் கரண்டு இல்ல. சிம்னி வெளக்குலதான் கனகா வளந்துச்சு. இருட்டு ஒண்ணும் அதுக்குப் புதுசில்ல. ஒன் வாய்தான் புதுசு." பைய என் மடியில போட்டாரு. "இத மொதல்லயே சொல்றதுக்கின்னா? என்ன இம்மாந்தூரம் நடக்க வச்சிட்ட."

கல்யாணம் அவங்க ஊரு கோயில்ல ஆச்சு. எழுதறதுக்கு மேரிக்கு வந்தோம். மாமா சாட்சிக் கையெழுத்து போட்டுட்டு, எழுதறவர பாத்து, "மேரி சொகந்தானுங்களா?"ன்னாரு. அந்த மனுஷனுக்கு ஒண்ணும் புரியல.

இன்னிக்கும் எங்க கொட்டாவுல கரண்டு இல்ல. கொழா தொறந்துட்டா, "ஒன் மூத்த பொண்டாட்டி கூப்புடறா, கொடத்த எடு"ன்னு கனகா சொல்லும். பொழுது சாஞ்சா நாங்க ரெண்டு பேருமே தட்டெடுத்துக்கினு மூத்தா வூட்டுக்குப் போயிடுவோம்.

போன வருஷம் பொண்ணு பொறந்துச்சு. பேரெழுத நானும் கனகாவும் மேரிக்குப் போறப்ப மாமாவும் கூட வந்தாரு. "கொழந்த பேரு இன்னா?"ன்னு எழுதறவரு என்னப் பாத்துக் கேட்டாரு. நான் மூச்ச இழுக்கறதுக்குள்ள மாமா என் வாய பொத்திட்டாரு. பேர கனகாதான் சொல்லுச்சு.