நெவில் மரத்தைக் காய்க்க வைத்த கதை

நவம்பர் முதல் தேதி காலை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த நெவில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அறிவித்தார்.

"நோலீன், இந்த வருஷம் நம்ம மரம் காய்க்கும்."

மனைவி நோலீன் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மரத்துக்கிட்ட சொல்லிட்டியா?"

நெவில் முப்பத்து நாலு வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நேரத்துக்கு வராத எதையும் அவருக்குப் பிடிக்காது. அந்த ஃபீஜோவா மரம் ஒன்பது வருஷம் லேட்.

பூப்பதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. அந்த ஊருக்கு வசந்தமான நவம்பர் வந்தால் இலை தெரியாமல் பூக்கும். வெளியே வெள்ளை, உள்ளே ரோஸ், நடுவில் சிவப்புக் குஞ்சம். கிறிஸ்துமஸுக்குள் அத்தனையும் கொட்டிவிடும். பேருக்கு ஒரு காய்கூடத் தங்காது.

வாங்கனுயி ஊரில் இது சாதாரண அவமானம் இல்லை. ஏப்ரல் பிறந்தால் அங்கே வீட்டுக்கு வீடு ஃபீஜோவா கொட்டும். பச்சை முட்டை போல் பழம். பாதியாக அறுத்து ஸ்பூனால் சுரண்டி வாயில் போட்டால் அன்னாசியும் கொய்யாவும் சேர்ந்தே வந்த மாதிரி இருக்கும். முதல் வாரம் எல்லோரும் ஆசையாகத் தின்பார்கள். இரண்டாவது வாரம் ஜாம் போடுவார்கள். மூன்றாவது வாரம் பை பையாகக் கட்டி அடுத்தவர் வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். காரைப் பூட்டாமல் கடைக்குள் போனால், திரும்பி வரும்போது பின் சீட்டில் ஒரு பை உட்கார்ந்திருக்கும். ஊரே கொடுக்கிற ஊரில், வாங்கிக்கொள்கிறவர் நெவில் ஒருவர்தான்.

அதிலும் பக்கத்து வீட்டு ராவிரி இருக்கிறாரே, அவர் வீட்டில் மரமே கிடையாது. அக்கா தோட்டத்திலிருந்து காரில் வாரிக்கொண்டு வருவார். போன ஏப்ரலில் வேலிக்கு மேலே இரண்டு பையை நீட்டி, "பாவம், உங்க வீட்ல மரம் இருக்கே, பழத்துக்கு என்ன செய்வீங்கன்னுதான்..." என்றார். அன்றைக்கு நெவில் அவரோடு காய் விட்டார். அவர் மரம் மட்டும்தான் காய் விடவில்லை. ஆனால் வேலி இடுப்பு உயரம்தான். நாலாம் நாள் பேச்சு வந்துவிட்டது.

"ஒண்டி மரம் காய்க்காது நெவில்," என்றாள் நோலீன். இது ஒன்பதாவது வருஷமாகச் சொல்வது. "வேற ரகத்துல இன்னொரு மரம் பக்கத்துல இருக்கணும். தோட்டச் சங்கத்துல குழந்தையக் கேட்டாக்கூடச் சொல்லும்."

"இது தனியாவே காய்க்கும்னு வாங்கும்போது கட்டியிருந்த சீட்டுல போட்டிருந்துச்சு."

"சீட்டு படிக்கத் தெரியாத மரமா இருக்கும்."

"சரி, இன்னொரு மரத்தை எங்க வெப்ப?"

கேட்டிருக்கக் கூடாது. தோட்டத்தில் வெயில் விழுகிற இடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அங்கே நெவிலின் படகு நின்றது. பதினாலு அடி. கம்பு நட்டு நீலத் தார்ப்பாயைக் கூடாரம் போலப் போர்த்தி, இழுவை வண்டி மேலே ஏழு வருஷமாக நிற்கிறது. டயரில் காற்று இல்லை. அச்சு வரைக்கும் புல். ஒவ்வொரு கோடையிலும் நெவில் அடுத்த வாரம் மீன் பிடிக்கப் போவார். முதல் வருஷம் காற்று சரியில்லை. அடுத்த வருஷம் முழங்கால் சரியில்லை. அப்புறம் எஞ்சின். அப்புறம் மறுபடி காற்று.

"படகு மேல மட்டும் கை வெக்காத," என்றார்.

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

"சொல்லுவ. அதனால ஒரு பந்தயம். ஈஸ்டருக்குள்ள இந்த மரத்துல பத்துப் பழம் காட்டறேன். காட்டிட்டா, படகை அந்த இடத்தை விட்டு நகத்தறதப் பத்தி இந்த வீட்ல யாரும் வாயத் திறக்கக் கூடாது. சாகற வரைக்கும்."

நோலீன் இப்போதுதான் பேப்பரை மடித்தாள். "யாரும்னா, நீயும்தானா?"

"யாரும்னா யாரும்தான்!"

"காட்டலன்னா?"

"நானே கேட் வரைக்கும் தள்ளிட்டுப் போயி, கேக்கறவங்களுக்குக் குடுத்துடறேன்."

"சரி," என்றாள் நோலீன்.

ஏழு வருஷச் சண்டைக்கு ஒரே வார்த்தை. முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் அந்த இடத்தில் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். மிதிக்கவில்லை.

மறுநாள் நெவில் வேலையை ஆரம்பித்தார். நோலீனின் கன்னத்துக்குப் பவுடர் போடும் பிரஷ் காணாமல் போனது. ஒரு பூவின் குஞ்சத்தில் தொட்டு இன்னொரு பூவின் நடுவில் தடவ வேண்டும். அவ்வளவுதான் வித்தை. தடவிய பூவின் காம்பில் அடையாளத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் கட்டினார். நூலும் நோலீனுடையதுதான்.

வேலிக்கு மேலே ராவிரியின் தலை எழுந்தது.

"என்னய்யா பண்ற?"

"மகரந்தச் சேர்க்கை."

"முகத்துக்குப் போடற பிரஷ்லயா? மரத்துக்கு உதட்டுச் சாயம் ஏதாச்சும்?"

"உன் வேலையப் பாருய்யா."

"நான் பாக்கறது இருக்கட்டும். அதெல்லாம் குருவி பாக்கற வேலை. இதழ் இனிக்கும்னு தின்ன வரும், போகும்போது தலை பூரா மகரந்தத்தோட போகும். நீ தலையால முட்டிப் பாக்கறியா?"

நெவில் பிரஷை உதறிவிட்டு அடுத்த பூவுக்குப் போனார். ஸ்டூலில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, பதினோரு நாளில் எழுபத்தாறு பூவுக்கு நூல் கட்டினார். முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியது. நோலீன் ஐஸ் ஒத்தடம் கொடுத்தாள். கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் ஒத்தடம் சுகமாக இருந்தது.

ஜனவரி இரண்டாவது வாரம் மரத்தடியில் ஒரு கூச்சல். கத்தியது நெவில்தான். காய்! விரல் நுனி அளவு, சாம்பல் பச்சை. அண்ணாந்து எண்ணினார். இருபது, முப்பது, நாற்பத்தொன்று!

அப்புறம்தான் நூலைத் தேடினார். சிவப்பு நூல் கட்டிய காம்புகள் எழுபத்தாறும் மொட்டையாக நின்றன. காய்த்தது முழுக்க அவர் கை படாத பூக்கள். ஸ்டூல் எட்டாத உச்சியில் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. படகுப் பக்கக் கிளைகளில் இன்னும் அதிகம்.

நெவில் அக்கம் பக்கம் பார்த்தார். ராவிரியின் தலை இல்லை. சமையலறை ஜன்னலில் திரை தொங்கியது. பழைய நூல் மழையில் ஊறி இறுகியிருந்தது, அவிழவில்லை. எல்லாவற்றையும் கத்தரித்துச் சட்டைப் பையில் போட்டார். உள்ளே போய் நோலீனின் பின்னல் கூடையிலிருந்து ஒரு சிவப்பு நூல் உருண்டையை எடுத்து வந்தார். எட்டுகிற காய்க்கெல்லாம் அழகாக முடிச்சுப் போட்டார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக் கூப்பிட்டார்.

"நோலீன்! வந்து பாரு!"

நோலீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள். நூலைப் பார்த்தாள். காயைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"அடேயப்பா," என்றாள். "நீ கட்டினதுல ஒண்ணுகூட வீணாகல போல!"

"கை ராசி," என்றார் நெவில் அடக்கமாக.

"இத சங்கத்துல சொல்லியே ஆகணும்."

"எதுக்கு? வேணாம் விடு."

"எதுக்கா? காய்க்காத ஒண்டி மரத்த வெச்சுக்கிட்டு அங்க ஆறு பேர் அழுவறாங்க!"

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை தோட்டச் சங்கத்தார் வந்து இறங்கினார்கள். ஏழு பெண்கள், ஏழு பிரஷ். தலைவி பியூலா எழுபது தாண்டியவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்க்கிற ரகம். ராவிரியும் வேலியைச் சுற்றி வந்து கேக்குக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார்.

புல்லில் பழம் விழுந்து கிடந்தது. நெவில் பொறுக்கி மேஜையில் அடுக்கினார். பத்து இல்லை, முப்பத்தெட்டு. பிறகு பிரஷைத் தூக்கிக் காட்டி, தொடுவது எப்படி, தடவுவது எப்படி, மணிக்கட்டை எவ்வளவு வளைப்பது என்று இருபது நிமிஷம் பேசினார். பெண்கள் குறிப்பு எடுத்தார்கள். நடுவில் அவருக்கே தன் பேச்சில் நம்பிக்கை வந்துவிட்டது.

பியூலா ஒரு கிளையை வளைத்து, மரத்திலேயே இருந்த காயின் நூலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"மிஸ்டர் நெவில், இந்த நூலைப் பூவுல கட்டினீங்களா, காயிலயா?"

"பூவுலதான். நவம்பர்ல."

"அப்ப முடிச்சு காம்ப இறுக்கியிருக்கணுமே. இது தொளதொளன்னு கிடக்கு."

நெவில் தண்ணீர் குடித்தார்.

"அது நான் ஜனவரில வாங்கின நூல், பியூலா," என்றாள் நோலீன் கேக்கை வெட்டிக்கொண்டே. "பேரனுக்குத் தொப்பி பின்ன. பாதித் தொப்பி இன்னும் மரத்துலதான் தொங்குது."

ஏழு பேனாவும் நின்றன. ராவிரி கேக்கை மெல்வதை நிறுத்திவிட்டு ரசித்தார்.

"அப்ப எப்படித்தான் காய்ச்சுது?" என்று பியூலா கேட்டார்.

"வாங்க, காட்டறேன்," என்றாள் நோலீன்.

எல்லோரும் படகைச் சுற்றி வேலிப் பக்கம் போனார்கள். நெவிலும் நொண்டிக்கொண்டே போனார். அந்தப் பக்கம் அவர் கடைசியாகப் போய் நாலு வருஷம் இருக்கும். வீட்டுப் பக்கம் ஒழுங்காகப் போர்த்தியிருந்த தார்ப்பாய், வெயில் விழும் வேலிப் பக்கம் சுருட்டிக் கட்டியிருந்தது. படகு நிறைய மண். மண்ணின் நடுவில், இடுப்பு உயரத்துக்குத் தளதளவென்று ஒரு ஃபீஜோவா. வேறு ரகம். அதிலும் பத்துப் பன்னிரண்டு பழம்.

"மூணு வருஷமாச்சு," என்றாள் நோலீன். "போன அக்டோபர் கடைசிலதான் மொத மொதல்ல மொட்டு வெச்சுது. மண்ணெல்லாம் ராவிரி சுமந்தார்."

"வேலிக்கு மேலயே கொட்டினேன்," என்றார் ராவிரி. "நீ தினமும் மதியம் ரெண்டு மணி நேரம் தூங்குவியே, அது போதுமா இருந்துச்சு."

நெவிலுக்குக் காதெல்லாம் சூடாகியது. மூன்று வருஷம்! ஜன்னலில் நின்று தினமும் பெருமையாகப் பார்த்த படகு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தார்ப்பாயைத் தூக்கியிருந்தால்!

"இது அநியாயம்! எடு இத! மண்ண வாரு! நான் படகை வெளிய எடுக்கப் போறேன். அடுத்த வாரமே மீன் பிடிக்கப் போறேன்!"

"அது முடியாதே நெவில்." நோலீன் ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள். "பந்தயத்துல நீ ஜெயிச்சுட்ட. பத்துக்கு முப்பத்தெட்டு காட்டிட்ட. படகை நகத்தற பேச்ச யாரும் எடுக்கக் கூடாது. யாரும்னா யாரும்தான்."

பெண்கள் கை தட்டினார்கள். ஜெயித்தவருக்குத்தான்.

நெவில் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அடியிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் குனிந்து பார்த்தார்.

"ஓட்டை!"

"ஆறு ஓட்டை," என்றாள் நோலீன். "வேர் அழுகிடக் கூடாதுல்ல."

"படகுல ஓட்ட போட்டா... அது எப்படி மிதக்கும்?"

நோலீன் அவர் தோளில் ஒட்டியிருந்த சிவப்பு நூலை எடுத்துப் போட்டாள்.

"ஏழு வருஷமா மிதக்கலியேப்பா. இனிமே யாராச்சும் ஏன்னு கேட்டா, சொல்லிக்க ஒரு காரணமாச்சும் இருக்கும்ல?"