கீறல் விழாத கார்

ஊரிலேயே வேகமான காரைச் செய்துவைத்திருக்கும் மனிதர் ஏன் அதை ஓட்டுவதே இல்லை?

செர்பியாவில், எங்கள் கிராகுயெவாட்ஸ் நகரில் அடுக்குமாடிக்கு ஒருவராவது இந்த இனத்தில் உண்டு. தெருப்பந்தய வீடியோ கேம் வாங்குவார். பந்தயம் மட்டும் ஓட்டமாட்டார். மற்றவர்கள் திரையில் கார்கள் பாலங்களைத் தாண்டிப் பறக்கும். இவர் திரையில் கார் கொட்டகைக்குள் நிற்கும். இன்றைக்குச் சக்கரத்தை மாற்றுவார், நாளைக்குப் பின்னால் ஓர் இறக்கை வைப்பார், மறுநாள் நீலம் அடிப்பார், அதற்கு மறுநாள் அந்த நீலத்தை இன்னும் கொஞ்சம் ஆழமான நீலமாக்கிவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, பழைய நீலத்துக்கே திரும்புவார். கேட்டால், "இன்னும் ரெடியாகல" என்பார். எப்போது ஆகும்? அந்தக் கேள்வியை நாகரிகமானவர்கள் கேட்பதில்லை.

பக்கத்து வீட்டு வுகாஷின் இந்த இனத்துக்குக் குறையில்லாத மாதிரி. வாசலில் நிற்கும் அவருடைய நிஜக் காரின் கதவைக் கயிறுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"அந்தக் கதவையும் கொஞ்சம் பாரேன்," என்பார் மனைவி ஸ்லாவிட்சா.

"அதுதான் ஓடுதே. அதுல பாக்க என்ன இருக்கு?"

வினை, நெபோய்ஷாவின் உருவில் வந்தது. வுகாஷினின் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர் அவர். எங்களிடம் அது ரத்த உறவுக்கும் ஒரு படி மேல். அவர் கொடுத்த வாக்கை மறுக்க வழியில்லை. அவரோ எங்கள் கட்டடத்தின் மூன்றாம் வாசலில் குடியிருக்கும் ஸ்த்ராவ்கோவின் பந்தயச் சவாலை வுகாஷின் சார்பில் ஏற்றுவிட்டார். விளையாட்டின் விதிப்படி, தோற்றவர் தன் திரைக் காரை ஜெயித்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

"யாரைக் கேட்டுடா ஒத்துக்கிட்ட?"

"நீ கல்யாணம் பண்ணிக்கிறப்போ என்னைக் கேட்டியா? நான் வந்து நிக்கல?"

சனிக்கிழமை நாங்கள் பிளம் சாராயத்தோடு வுகாஷினின் சோபாவை நிறைத்தோம். ஸ்த்ராவ்கோ தன் வீட்டிலிருந்தே ஓட்டினார். அவருடைய கூச்சல் மட்டும் போனில் வந்தது. வுகாஷின் நன்றாகவே ஓட்டினார். நான் எளிதில் பாராட்டுகிறவன் அல்ல. ஆனாலும் கடைசி வளைவுவரை அவர்தான் முன்னால். அங்கே ஒரு பக்கம் டிராம், மறுபக்கம் கற்சுவர். சுவரை உரசினால்தான் வேகம் குறையாமல் போக முடியும்.

"உரசிட்டுப் போடா!" நெபோய்ஷா எழுந்தே விட்டார். "வெறும் பெயின்ட்டுடா! போனா அடிச்சுக்கலாம்!"

வுகாஷின் பிரேக்கை அழுத்தினார். ஸ்த்ராவ்கோவின் கார் பொறி பறக்கச் சுவரைத் தேய்த்துக்கொண்டு தாண்டிப் போனது.

கார் கைமாறியது. கொஞ்ச நேரத்தில் போன் அலறியது: "யோவ், ஒரு கீறல்கூட இல்லய்யா இதுல!"

"இருக்காது," என்றார் வுகாஷின்.

காரைக் காப்பாற்ற உரசியிருக்கலாமே என்று நெபோய்ஷா கேட்டார், ஸ்லாவிட்சா கேட்டார், நானும் கேட்டேன். அவர் எல்லோருக்கும் காபி ஊற்றினார்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அதற்கு முன், உங்கள் வீட்டு டிவி ரிமோட் வாங்கிய நாளிலிருந்து போட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள்.